மாத்திரையை விட்டுவிட்டு அதிமதுரத்துக்கு மாறலாமா?

கேள்வி: எனக்கு வயது 52. சோமனூர் பக்கத்தில் சொந்தமாக விசைத்தறி ஓட்டுகிறேன். உயரம் 165 செ.மீ., எடை 82 கிலோ. நான்கு வருடமாக நெஞ்சு கரிப்பும் எதுக்களிப்பும் இருக்கின்றன. பேன்டோபிரசோலும் டாம்பெரிடோனும் சேர்ந்த கேப்சூலை மருந்துக் கடையில் கேட்டு வாங்கி, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, பி.பி. மாத்திரையான அம்லோடிபினோடு சேர்த்துத் தினமும் போட்டு வந்தேன். தொடர்ந்து போட்டால் கிட்னி போய்விடும் என்று ஒரு வீடியோவில் பார்த்துப் பயந்து சட்டென்று நிறுத்தினேன். ஒரு வாரத்துக்குள் எரிச்சல் முன்பைவிட மோசமாகிவிட்டது. பங்காளி ஒருவர் சொன்னபடி அதிமதுரப் பொடியைக் காலையும் மாலையும் ஒரு பெரிய ஸ்பூன் வெந்நீரில் கலக்கி ஆறு வாரமாகக் குடிக்கிறேன். எரிச்சல் பாதி குறைந்திருக்கிறது. தாங்க முடியாத நாளில் மட்டும் பழைய கேப்சூலைப் போட்டுக்கொள்கிறேன். இரவு பதினொன்றரைக்குத்தான் சாப்பாடு. சாப்பிட்டதும் ஷெட்டிலேயே கயிற்றுக் கட்டிலில் படுத்துவிடுவேன். இரண்டு வாரமாகச் சாயங்காலமானால் கால் வீங்குகிறது, உடம்பு அசதியாக இருக்கிறது. கடையில் பி.பி. பார்த்தபோது 156/98 என்றார்கள். ஆப்பிள் சைடர் வினிகர், மஞ்சள் கேப்சூல், சமையல் சோடா என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எது நல்லது? மாத்திரையே இல்லாமல் சமாளிக்க முடியுமா? அடுத்த மாதம் ஊர் நோம்பி. கெடா விருந்தில் கை வைக்கலாமா என்பதையும் சொல்லுங்கள்.

பதில்:

அன்புள்ள வாசகருக்கு வணக்கம். வினிகரையும் மஞ்சளையும் பற்றி நிதானமாகப் பேசலாம். அதற்கு முன்னால் அவசரமாகச் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது: அதிமதுரப் பொடியை இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

அதிமதுரம் நம் வீடுகளில் இருமலுக்கும் தொண்டைக் கட்டுக்கும் நெடுநாளாகப் புழங்கி வரும் சரக்கு. ஒரு துண்டை வாயில் அடக்கிக்கொள்வதையோ, கஷாயத்தில் ஒரு சிட்டிகை சேர்ப்பதையோ நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தினம் இரண்டு பெரிய ஸ்பூன் வீதம் ஆறு வாரம், அதுவும் ஏற்கெனவே பி.பி. உள்ளவர் குடிப்பது வேறு கணக்கு. அதிமதுரத்தின் தித்திப்புக்குக் காரணமான கிளைசிரைசின் என்ற பொருள், சிறுநீரகத்தில் கார்ட்டிசால் என்ற ஹார்மோனை அடக்கி வைக்கும் நொதியைத் தடுத்துவிடுகிறது. அடக்க ஆளில்லாத அந்த ஹார்மோன், உப்பையும் நீரையும் உடம்பிலேயே தங்க வைத்துப் பொட்டாசியத்தைச் சிறுநீரில் வெளியேற்றுகிறது. பி.பி. ஏறுவது, கால் வீங்குவது, காரணமில்லாமல் அசதி தட்டுவது ஆகிய மூன்றும் இந்த ஒரே வழியில் வரக்கூடியவை. அம்லோடிபினாலும் கால் வீங்கும் என்பது உண்மைதான். ஆனால் நெடுநாளாகப் போடும் மாத்திரைக்கு இரண்டு வாரமாகத்தான் வீக்கம் வந்திருக்கிறது, கூடவே பி.பி.யும் ஏறியிருக்கிறது என்னும்போது என் சந்தேகம் பொடியின் மேல்தான் விழுகிறது.

எரிச்சல் பாதி குறைந்தது பிரமை என்றும் நான் சொல்லவில்லை. அதிமதுரத்திலிருந்து உருவாக்கிய கார்பெனாக்சலோன் என்ற மருந்தை 1960களில் மேல்நாட்டு மருத்துவர்களே இரைப்பைப் புண்ணுக்குக் கொடுத்தார்கள். பி.பி. ஏற்றம், வீக்கம், பொட்டாசியக் குறைவு என்று இதே தொல்லைகள் அதிலும் இருந்ததால், பாதுகாப்பான மருந்துகள் வந்த பிறகு அது வழக்கொழிந்து போனது.

உங்கள் விஷயத்தில் கவலைக்கு இன்னொரு காரணமும் உண்டு. தாங்க முடியாத நாளில் போட்டுக்கொள்வதாகச் சொல்லும் கேப்சூலில் டாம்பெரிடோன் இருக்கிறது. அது இதயத்தின் மின்னோட்டத்தைச் சற்றே தாமதப்படுத்தக்கூடிய மருந்து. ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்திருக்கும் நேரத்தில் அதைப் போட்டால் இதயத் துடிப்பு தாறுமாறாகும் வாய்ப்பு கூடுகிறது. இந்தக் காரணத்துக்காகவே ஐரோப்பிய மருந்து முகமை 2014-இல், டாம்பெரிடோனைக் குமட்டலுக்கும் வாந்திக்கும் மட்டும், பொதுவாக ஒரு வாரத்துக்கு மேல் போகாமல் கொடுக்க வேண்டும் என்று வரம்பு கட்டியது. நம் ஊரில் அதைப் பேன்டோபிரசோலோடு ஒட்டி, ஏதோ ஜீரண மாத்திரை போல வருடக் கணக்கில் விற்கிறார்கள், வாங்குகிறோம். ஆகவே இந்த வாரத்துக்குள் உங்கள் பி.பி. மருத்துவரைப் பார்த்து, பொட்டாசியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் ஆகிய ரத்தப் பரிசோதனைகளையும் ஓர் இ.சி.ஜி.யையும் எடுத்துவிடுங்கள். படபடப்பு, தலைச்சுற்றல், கால் துவண்டு போவது இவற்றில் எது வந்தாலும் வாரக் கடைசி வரை காத்திருக்காமல் அன்றைக்கே போக வேண்டும். பொடியை நிறுத்திய பிறகும் அதன் வேலை உடம்பில் அடங்க இரண்டு வாரமோ அதற்கு மேலோ ஆகலாம் என்பதால், வீக்கம் உடனே வடியவில்லையே என்று பதற வேண்டாம். ரெடிமேடாக விற்கும் கேஸ் பொடிகளை வாங்கும்போது அட்டையைப் படித்துப் பாருங்கள். யஷ்டிமது என்றோ முலேத்தி என்றோ போட்டிருந்தால் அதுவும் அதிமதுரம்தான்.

இனி, கேப்சூலை நிறுத்திய ஒரு வாரத்தில் எரிச்சல் ஏன் பன்மடங்கானது என்பதைச் சொல்கிறேன். பேன்டோபிரசோல் போன்ற மருந்துகள் அமிலச் சுரப்பைப் பல வாரம் அடக்கி வைத்திருக்கும்போது, உடம்பு அதை ஈடுகட்ட அமிலம் சுரக்கத் தூண்டும் காஸ்ட்ரின் ஹார்மோனை அதிகமாக்கி வைத்திருக்கும். மருந்து திடீரென்று விலகியதும் அந்தத் தூண்டுதல் முழுவதும் ஒரே நேரத்தில் வேலை செய்கிறது. டென்மார்க்கில் வயிற்றுக் கோளாறு ஏதும் இல்லாத 120 பேரை வைத்து ஒரு சோதனை செய்து 2009-இல் வெளியிட்டார்கள். ஒரு பாதிப் பேருக்கு எட்டு வாரம் இந்த வகை மருந்தையும், மறு பாதிக்கு வெறும் போலி மாத்திரையையும் கொடுத்து நிறுத்தியபோது, மருந்து சாப்பிட்டவர்களில் 44 சதவீதம் பேருக்கு அடுத்த நான்கு வாரங்களில் நெஞ்செரிச்சலோ புளித்த ஏப்பமோ வந்தது. மற்றவர்களில் 15 சதவீதம் பேருக்குத்தான் வந்தது. நோயே இல்லாதவருக்கு இந்த நிலை என்றால், நான்கு வருடம் போட்ட உங்களுக்கு வந்ததில் வியப்பில்லை. இது சில வாரங்களில் தானாகத் தணியும். நீங்கள் அதிமதுரம் குடித்த ஆறு வாரமும் அது தணியும் காலமும் ஒன்றாகவே ஓடியிருக்கின்றன என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்; கிடைத்த நிம்மதியில் எவ்வளவு பொடியால், எவ்வளவு நாள் போனதால் என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. பெரும்பாலான கைவைத்தியங்களுக்குப் பேர் வந்தது இப்படித்தான் என்பது என் எண்ணம்.

கிட்னி பயத்துக்கு வருகிறேன். இந்த மருந்துகளால் சிறுநீரகத்தில் ஒவ்வாமை அழற்சி வருவது உண்டு, ஆனால் அரிது. நீண்ட நாள் போடுகிறவர்களுக்கு வைட்டமின் பி12-உம் மக்னீசியமும் குறையலாம். வயிற்றுப்போக்குக் கிருமிகள் சற்று எளிதாகத் தொற்றலாம். மற்றபடி, 2019-இல் வெளியான பெரிய ஆய்வொன்றில் 17,000-க்கும் மேற்பட்ட இதய நோயாளிகளில் ஒரு பாதிக்குப் பேன்டோபிரசோல் 40 மில்லிகிராமும் மறு பாதிக்குப் போலி மாத்திரையும் சுமார் மூன்று ஆண்டு கொடுத்துப் பார்த்தபோது, குடல் தொற்று ஒன்றுதான் மருந்துப் பக்கத்தில் தெளிவாகக் கூடுதலாக இருந்தது. சிறுநீரகக் கோளாறு கூடவில்லை. தேவையில்லாதவர் போடக் கூடாது, தேவையுள்ளவர் பயந்து நிறுத்தக் கூடாது. இவ்வளவுதான் விஷயம்.

நீங்கள் அந்த மருந்தைப் போட்ட விதமும் சரியில்லை. சாப்பிடும்போது முடுக்கிவிடப்படும் அமிலச் சுரப்பிகளைத்தான் அது பிடித்து அடைக்கும் என்பதால், உணவுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே வயிற்றுக்குள் போய் ரத்தத்தில் கலந்திருக்க வேண்டும். பதினொன்றரை மணிச் சாப்பாட்டுக்குப் பிறகு பி.பி. மாத்திரையோடு சேர்த்து விழுங்கினால் பாதி மருந்து வீண். நான்கு வருடம் போட்டும் அடங்கவில்லை என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, எப்போது போடுகிறீர்கள் என்பதைத்தான்.

இப்போது உங்கள் முதன்மையான கேள்வி: மாத்திரை இல்லாத வழி உண்டா? உண்டு. ஆனால் அது நீங்கள் தேடும் திசையில் இல்லை. உங்களுக்குச் சொல்லப்பட்ட எல்லாமே குடிப்பதும் விழுங்குவதுமாக, அமிலத்தைக் குறிவைக்கின்றன. எதுக்களிப்பு உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு அமிலம் அதிகமாகச் சுரப்பதில்லை. இருக்க வேண்டிய இடத்தை விட்டு மேலே வருவதுதான் கோளாறு. உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் ஒரு சுருக்குத்தசை இருக்கிறது. அதைச் சுற்றி, மூச்சுக்கு உதவும் உதரவிதானத் தசையும் வெளியிலிருந்து இறுக்கிப் பிடிக்கிறது. இந்த இரட்டைப் பிடி வேண்டாத நேரத்தில் தளர்வதாலும், வயிற்றின் அழுத்தம் அதை மீறுவதாலும்தான் அமிலம் மேலேறுகிறது. ஆகவே மருந்தில்லா வழிகளில் உருப்படியாக வேலை செய்பவை எல்லாம் அழுத்தத்தையும் படுக்கையையும் தசையையும் திருத்துபவை. அவற்றை யாரும் பாட்டிலில் அடைத்து விற்க முடியாது என்பதால் வீடியோக்களிலும் அவ்வளவாக வருவதில்லை.

உங்கள் கட்டிலிலிருந்தே தொடங்குகிறேன். கயிற்றுக் கட்டில் நடுவில் தொய்ந்து உடம்பை வில்லாக வளைத்து வயிற்றை மடக்கும்; நிறைந்த வயிறோடு அதில் படுப்பது இரைப்பையைப் பிழிவதற்குச் சமம். தலையணைகளை அடுக்கிக்கொள்வதும் அதே தவறுதான். கழுத்து மட்டும் உயரும், இடுப்பில் மடிப்பு விழும். தட்டையான பலகைக் கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு மட்டும் கீழே மரக்கட்டையோ செங்கல்லோ வைத்து 15 முதல் 20 செ.மீ. உயர்த்துங்கள். உடம்பு முழுவதும் ஒரே சரிவாகக் கிடக்க வேண்டும். இடது பக்கம் ஒருக்களித்துப் படுங்கள். இரைப்பையின் பெரும் வளைவு இடப்பக்கம் இருப்பதால், அந்தப் பக்கம் சாய்ந்தால் அமிலம் கீழே தேங்கி, உணவுக்குழாயின் வாய் மேலே நிற்கிறது. வலப்பக்கம் சாய்ந்தால் நிலைமை தலைகீழ். 2022-இல் ஆம்ஸ்டர்டாமிலிருந்து வந்த ஓர் ஆய்வு, இடப்பக்கம் படுக்கும்போது உணவுக்குழாயில் ஏறிய அமிலம் விரைவாக இறங்கிவிடுவதை அளந்து காட்டியிருக்கிறது. செலவில்லாத வைத்தியம் இதைவிட வேறொன்று எனக்குத் தெரியாது.

அடுத்தது அந்தப் பதினொன்றரை மணிச் சாப்பாடு. தறிக்காரர்களின் நேரம் எனக்குப் புதிதல்ல. ஷிப்ட் மாறும்வரை ஷெட்டை விட்டு நகர முடியாது என்பீர்கள். முழுச் சாப்பாட்டை ஏழரை மணிக்கு ஷெட்டுக்கே வரவழைத்துவிட முடிந்தால் நல்லது. முடியாவிட்டால், மதியம் வயிறாரச் சாப்பிட்டு, இரவில் இரண்டு இட்லி அல்லது ஒரு கிண்ணம் ரசஞ்சோறோடு நிறுத்திக்கொண்டு, அதன் பிறகு இரண்டரை மணி நேரமாவது படுக்காதீர்கள். கடைப் புரோட்டா, வறுவல், நெய்யில் மிதக்கும் சாதம் என்று கொழுப்பு மிகுந்தவை இரைப்பையில் நெடுநேரம் தங்கி, அந்தச் சுருக்குத்தசையையும் தளர்த்துகின்றன. அவற்றுக்கு இரவில் இடமில்லை. மற்றபடி, நம் பக்கத்துச் சாப்பாட்டைப் பற்றி என்னிடம் பெரிய புகார் இல்லை. அரிசிம்பருப்பு சாதமும் கீரைக் கடைசலும் கொள்ளு ரசமும் மதியத்தில் யாரையும் கெடுப்பதில்லை. ராகிக் களியும் அப்படியே, உருண்டையின் அளவு மட்டும் உங்கள் கையில். காரம், காப்பி, டீ ஆகியவை ஆளுக்கு ஆள் மாறுபடும். எது உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பதை ஒரு நோட்டில் இரண்டு வாரம் எழுதினால் தெரிந்துவிடும். பட்டியலைப் பார்த்து எல்லாவற்றையும் ஒரேயடியாக விலக்கினால் நான்கே நாளில் எல்லாம் திரும்பி வந்துவிடும். வாயில் புகையிலை அடக்கும் வழக்கம் இருந்தால் அதற்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது; நிகோட்டின் தசையைத் தளர்த்தும், மற்றக் கேடுகளைச் சொல்ல வேண்டியதில்லை. வேட்டிக்கு மேல் பச்சை பெல்ட்டை இறுக்கிப் பூட்டுகிறவரானால், சாப்பிட்ட பிறகாவது இரண்டு ஓட்டை தளர்த்திக்கொள்ளுங்கள்.

மூச்சுப் பயிற்சியைப் பலர் நம்ப மறுப்பார்கள். எனக்கும் அதைச் சொல்லிப் புரியவைப்பதுதான் சிரமம். உதரவிதானம் ஒரு தசை, எந்தத் தசையையும் போல அதையும் பயிற்சியால் வலுவாக்கலாம். ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் 19 நோயாளிகளை வைத்து நடத்தி 2012-இல் வெளியிட்ட சிறிய சோதனையில், தினம் அரை மணி நேரம் வயிற்று மூச்சு பழகியவர்களுக்கு நான்கு வாரத்தில் உணவுக்குழாயில் அமிலம் படும் நேரம் குறைந்தது. விடாமல் தொடர்ந்தவர்களுக்கு ஒன்பது மாதம் கழித்து மருந்துத் தேவையும் குறைந்திருந்தது. செய்முறை எளிது. மல்லாந்து படுத்தோ முதுகு நிமிர்ந்து உட்கார்ந்தோ, ஒரு கையை மார்பிலும் மற்றொரு கையைத் தொப்புளுக்குச் சற்று மேலும் வையுங்கள். மூக்கால் மெதுவாக இழுக்கும்போது வயிற்றின் மேலிருக்கும் கை உயர வேண்டும், மார்பின் மேலிருக்கும் கை அசையக் கூடாது. பிறகு அதைவிட மெதுவாக மூச்சை விடுங்கள். முதல் சில நாள் மார்புதான் உயரும், பழகப் பழக மாறும். வெறும் வயிற்றில் காலையும் மாலையும் கால் மணி நேரம் போதும். சாப்பிட்டபின் எதுக்களிப்பு கிளம்பும்போது உட்கார்ந்தபடியே சில நிமிடம் செய்தாலும் அடங்குவதைப் பார்க்கலாம். ஆழியாற்று மனவளக்கலைப் பயிற்சிகளைச் செய்கிறவரானால் தாராளமாகத் தொடருங்கள்; கபாலபதி, மகராசனம் போல வயிற்றை அழுத்துபவற்றை மட்டும் சாப்பிட்டு மூன்று மணி நேரம் ஆகாமல் செய்ய வேண்டாம்.

எடையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, 165 செ.மீ. உயரத்துக்கு 82 கிலோ என்றால் உடல் நிறைக் குறியீடு 30-ஐத் தாண்டுகிறது. அமெரிக்கச் செவிலியர்களை நெடுங்காலம் பின்தொடர்ந்த ஆய்வொன்று 2006-இல் சொன்னது: அந்தக் குறியீட்டை 3.5 புள்ளிக்கு மேல் குறைத்தவர்களுக்கு, அடிக்கடி எதுக்களிக்கும் வாய்ப்பு சுமார் 40 சதவீதம் குறைந்தது. அவர்கள் பெண்கள் என்பதை மறக்காமல், உங்கள் உயரத்துக்குக் கணக்குப் போட்டால் ஒன்பதரை கிலோ வருகிறது. ஒரே மூச்சில் வேண்டாம். முதல் நான்கு கிலோ இறங்கும்போதே வித்தியாசம் தெரியும், பி.பி.யும் இறங்கும்.

குடிப்பவற்றுக்கு வருகிறேன். ஆப்பிள் சைடர் வினிகர் எதுக்களிப்பைக் குறைக்கும் என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை. அதுவும் ஓர் அமிலம். புண்ணான உணவுக்குழாயில் பட்டால் எரியும், பல்லின் எனாமலையும் அரிக்கும். பணத்தை மிச்சம் பண்ணுங்கள். சமையல் சோடா உடனடியாக எரிச்சலைத் தணிக்கும் என்பது ரசாயனப்படி உண்மை. ஆனால் ஒரு டீஸ்பூனில் சுமார் 1,200 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுமைக்கும் அனுமதிப்பதே 2,000-க்குக் கீழ்தான். 156/98 உள்ளவர் அதைத் தொடக் கூடாது. தண்ணீரில் பொங்கும் ஈனோ வகைப் பொடிகளுக்கும் இது பொருந்தும்.

மஞ்சளைப் பற்றி ஈரோட்டுப் பக்கம் உறவுள்ள யாரிடமும் குறை சொல்லித் தப்ப முடியாது, குறை சொல்லவும் நான் வரவில்லை. 2023-இல் தாய்லாந்து மருத்துவர்கள் மஞ்சளின் குர்குமினை, பேன்டோபிரசோல் வகையைச் சேர்ந்த ஒமிப்ரசோலோடு ஒப்பிட்டு, இரண்டும் ஏறத்தாழ ஒரே பலன் தந்ததாக அறிவித்தார்கள். உங்களுக்கு மஞ்சள் கேப்சூலைச் சொன்னவர் பார்த்த செய்தி அதுவாக இருக்கலாம். அந்தச் சோதனை மேல்வயிற்று மந்தத்துக்கும் வலிக்கும் செய்யப்பட்டது. எதுக்களிப்புக்கு அல்ல. குழம்பிலும் பாலிலும் போடும் மஞ்சள் வேறு, மிளகுச் சத்து சேர்த்துச் செறிவாக்கிய கேப்சூல் வேறு. பின்னதால் கல்லீரல் அழற்சி வந்த நோயாளிகளைப் பற்றிப் பல நாடுகளிலிருந்து அறிக்கைகள் வந்திருக்கின்றன. சமையலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சோற்றுக்கற்றாழையில் ஈரானில் ஒரு சிறிய ஆய்வு நடந்து ஓரளவு பலன் தெரிந்தது, ஆனால் ஒமிப்ரசோல் அளவுக்கு இல்லை. வீட்டில் மடலை வெட்டிச் சாறெடுத்தால் தோலுக்கடியில் வடியும் மஞ்சள் பாலை நன்றாகக் கழுவ வேண்டும். அது கடும் பேதி மருந்து, பேதியானால் பொட்டாசியம் இன்னும் குறையும். உங்களுக்கு இப்போது அது வேண்டவே வேண்டாம். சீரகத் தண்ணீரும் நீர்மோரும் தீங்கற்றவை, இதமாக இருந்தால் குடியுங்கள். இஞ்சி இரைப்பையைச் சற்று விரைவாகக் காலி செய்யும். ஒரு துண்டு நல்லது, டம்ளர் நிறையச் சாறு குடித்தால் அதுவே நெஞ்சைக் கரிக்கும்.

மருந்துக் கடையில் கிடைப்பவற்றுள் எனக்கு உடன்பாடானது ஒன்று உண்டு. கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட் திரவம், சாப்பிட்ட பிறகு குடித்தால், பாலின் மேல் ஆடை படிவதுபோல இரைப்பையில் உணவின் மேல் ஒரு படலமாக மிதந்து, மேற்பரப்பில் தேங்கும் அமிலத்தை அழுத்தி வைக்கிறது. எரிச்சல் மிகும் இரவுகளில் உங்கள் கேப்சூலுக்குப் பதில் இது பொருத்தம். இதிலும் சோடியம் இருப்பதால் பி.பி. கட்டுக்குள் வரும்வரை மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு அளவாகப் பயன்படுத்துங்கள்.

சித்த மருத்துவம் பார்க்கலாமா என்றால், பாருங்கள். ஆனால் பங்காளியிடம் அல்ல. அரசு மருத்துவமனைகளிலும் பல ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் தகுதி பெற்ற சித்த மருத்துவர்கள் இருக்கிறார்கள். குன்மம் என்ற தலைப்பில் இந்த நோய்களை அவர்கள் நெடுங்காலமாகக் கையாண்டு வருகிறார்கள். சீரகச் சூரணம், ஏலாதிச் சூரணம் முதலியவற்றைக் கொடுக்கும்போது உங்கள் பி.பி.யையும் சேர்த்துப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். சங்கு பற்பம் கொடுத்தால், அதிலிருப்பது பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்து என்பதால் அமிலத்தை முறிக்கும். தைராய்டு மாத்திரையோ இரும்புச் சத்து மாத்திரையோ போடுகிறவர்கள் அதற்கும் இதற்கும் சில மணி நேர இடைவெளி விட வேண்டும். பெயரில்லாத டப்பாவில் சந்தையில் விற்கும் பற்பங்களையும் பொடிகளையும் தொடாதீர்கள். இணையத்தில் விற்ற ஆயுர்வேதத் தயாரிப்புகளை வாங்கிச் சோதித்து 2008-இல் வெளியிட்ட ஓர் அமெரிக்க ஆய்வில், ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்தது. உரிம எண், தயாரித்த தேதி, சேர்ந்துள்ள சரக்குகளின் பெயர் ஆகிய மூன்றும் அட்டையில் இல்லாத எதையும் வாங்க வேண்டாம். அக்குபங்சருக்குச் சாதகமாக 30 பேரைக் கொண்ட சிறிய ஆய்வு ஒன்று 2007-இல் வந்திருக்கிறது. விருப்பமிருந்தால் தடையில்லை, அதை நம்பி மற்றவற்றைத் தள்ளிப்போட வேண்டாம்.

ஆக, உங்களுக்கு நான் சொல்லும் முறை இது. டாம்பெரிடோன் சேர்ந்த கேப்சூலை விட்டுவிட்டு, தனிப் பேன்டோபிரசோல் 40 மில்லிகிராமை மருத்துவர் சீட்டோடு வாங்கி, முக்கியச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு எட்டு வாரம் ஒழுங்காகப் போடுங்கள். கட்டில், இரவுச் சாப்பாடு, மூச்சு ஆகிய மூன்றையும் அந்த எட்டு வாரத்திலேயே பழக்கிக்கொள்ளுங்கள். பிறகு 20 மில்லிகிராமாக இரண்டு வாரம், ஒன்று விட்டு ஒரு நாள் இரண்டு வாரம் என்று இறங்கி நிறுத்திப் பார்க்கலாம். அப்போதும் கொஞ்சம் எரியும், சில வாரம் பொறுக்க வேண்டும். பி.பி. மருத்துவரிடம் இன்னொன்றையும் கேளுங்கள்: அம்லோடிபின் வகை மருந்துகள் அந்தச் சுருக்குத்தசையைத் தளர்த்தக்கூடியவை, உங்களுக்கு வேறு வகை பொருந்துமா என்று. நீங்களாக மாற்ற வேண்டாம்.

இறங்கி நிறுத்துவதற்கு முன்பு ஒரு தடவை எண்டோஸ்கோபி பார்த்துவிட வேண்டும். ஐம்பதைத் தாண்டிய ஆண், பருமன், நான்கு வருட எதுக்களிப்பு, இதுவரை உள்ளே யாரும் பார்த்ததில்லை என்ற நிலையில் அதைத் தவிர்க்க நான் உடன்பட மாட்டேன். உணவுக்குழாயில் புண்ணோ, உள்தோல் மாற்றமோ இருந்தால் மாத்திரையை நிறுத்தும் பேச்சே வேறாகிவிடும். விழுங்கும்போது சோறு சிக்குவது, எடை தானாகக் குறைவது, ரத்த வாந்தி, தார் போலக் கறுத்த மலம் இவற்றில் ஒன்று இருந்தாலும் எட்டு வாரம் காத்திருக்கக் கூடாது. நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்டு வைக்கிறேன்: படியேறும்போதோ பாரம் தூக்கும்போதோ நெஞ்சு கரித்து, நின்றால் அடங்குகிறதா? கையிலோ தாடையிலோ வலி பரவுகிறதா? வியர்க்கிறதா? ஆம் என்றால் அது வயிறு என்று நினைத்துக்கொண்டிருக்காமல் உடனே இதய மருத்துவரைப் பார்க்க வேண்டும். கேஸ் என்று சோடா குடித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்து, தாமதமாக மருத்துவமனைக்கு வருகிறவர்களை இன்றும் பார்க்கிறோம்.

நோம்பிக்குக் கெடா விருந்து சாப்பிடுங்கள், மதியப் பந்தியில். முதல் தடவை பரிமாறுவதோடு இலையை மடித்துவிட்டு, உடனே திண்ணையில் சாயாமல், வந்த உறவுகளோடு நடந்து பேசிக்கொண்டிருங்கள். அன்றைக்கும் மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னால்தான். ராத்திரி மிச்சக் குழம்பைச் சுட வைத்து இட்லிக்கு ஊற்றுவார்கள். அந்தப் பந்தியில் மட்டும் நீங்கள் உட்கார வேண்டாம்.